செல்வராஜ் மெக்கானிக்கும் ஒரு சாண் நூலும்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. எழுதியவர் சங்கச் செயலாளர். 'ராஜகீழ்ப்பாக்கம் மெக்கானிக் செல்வராஜ் நேற்று மாரடைப்பால் காலமானார். சில சமயம் கவனக்குறைவு இருந்தாலும் நல்ல மனிதர். ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தில் அஞ்சலிக் கூட்டம்.' அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நான் எதுவும் போடவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த ஒரு சொல்லை மறுபடி படித்தேன். கவனக்குறைவு. அடக்கம்கூட முடியவில்லை, அதற்குள் அதை அவர் மேல் இரண்டாம் முறை ஒட்டிவிட்டார்கள்.

சிட்லபாக்கத்திலிருந்து போய் அவரிடம் வண்டி விட்ட உங்களுக்கெல்லாம் அவருடைய கை எப்படிப்பட்டது என்று தெரியும். எனக்கு அது தெரிந்தது என் சொந்தப் பிடிவாதத்தால். நான் எந்தத் தொழிற்பள்ளிக்கும் போனவன் அல்ல. பழைய கார் ஒன்றை வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டியே கற்றுக்கொண்டவன். ஒருமுறை என் காரில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமலேயே என்ஜின் கத்தத் தொடங்கியது. என்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து தரும் கார்ப்பரேட்டரின் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்தேன். அடங்கியது. மறுநாள் தாம்பரம் சிக்னலில் வண்டி அணைந்துபோனது. கூட்டினேன், மறுபடி கத்தியது. மூன்று நாள் இப்படித் திருகிவிட்டு, வேறு வழியில்லாமல் செல்வராஜிடம் போனேன்.

அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. ஓடும் என்ஜினுக்குக் காது கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குடிக்க வைத்திருந்த பாட்டிலிலிருந்து கார்ப்பரேட்டரின் அடி இணைப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டார். சத்தம் சட்டென்று மாறியது.

"கேட்டுச்சாண்ணா? இங்கதான் காத்த உறிஞ்சிகினு கீது. மூட்ட அடைக்கிற கேஸ்கட் போயிட்ச்சி."

"ஸ்க்ரூவைக் குறைச்சப்போ அடங்கிச்சே?"

"சத்தம் அடங்கும்ணா. கோளாறு எங்க அடங்கும்? நீங்க அதோட வாயக் கட்டி வுட்டுட்டீங்க, அவ்ளோதான்."

அன்றிலிருந்து அவர் எனக்கு நண்பர்.

ஐந்து வருடங்களுக்கு முன் ஆயுதபூஜைக்கு முதல் நாள் செயலாளரின் பழைய வெள்ளைக் காரை செல்வராஜ் சர்வீஸ் செய்து கொடுத்தார். பூஜையன்று மாலை செயலாளர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியைக் கிளப்பினார். என்ஜின் அலறியது. அவர் பதறிப்போய்க் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி எலுமிச்சம்பழத்தோடு எதிர்வீட்டு கேட்டையும் நசுக்கியது. மறுநாள் காலையில் அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தோடு ஒரு தாள் தொங்கியது: 'கவனக்குறைவாக வேலை செய்த மெக்கானிக் செல்வராஜை இனி குடியிருப்புக்குள் அனுமதிக்கக் கூடாது.'

அன்று மதியமே அந்தக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு அவரிடமே வந்தார் செயலாளர். "நீ கெடுத்ததை நீயே சரி பண்ணிக் குடு." நான் அப்போது பட்டறையில் இருந்தேன். செல்வராஜ் பானெட்டைத் திறந்து, கார்ப்பரேட்டரின் பக்கத்தில் ஆக்சிலரேட்டர் இழுக்கும் நெம்புகோலை விரலால் தள்ளிப் பார்த்தார். அது முழுதாகத் திரும்பவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, குறடால் எதையோ பிடித்து இழுத்தார். ஒரு சாண் நீளத்துக்கு வாழைநார் நிறத்தில் நூல். அதில் இரண்டு சாமந்திக் காம்புகள் அப்படியே இருந்தன.

"சார், என்ஜினுக்குப் பூ சுத்துனீங்களா?"

"பூஜைக்குச் சுத்தினேன். கெளம்பறப்போ எடுத்துட்டேனே."

"பூவ எடுத்தீங்க. நூலு அறுந்து உள்ள மாட்டிக்கிச்சு. லீவர் மூடாம புடிச்சிகினு இருந்திருக்கு."

செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "செல்வராஜ், இதை வெளியில சொல்லிடாதப்பா. அசிங்கமாப் போயிடும். அடுத்த மீட்டிங்ல நானே பக்குவமா சொல்லி நோட்டீஸை எடுத்துடறேன்."

"சரி சார்."

நூலைக் குப்பை டப்பாவில் போட்டார் செல்வராஜ். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

"அது எதுக்குண்ணா?"

"வேணும்."

அடுத்த கூட்டத்தில் செயலாளர் தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசினார். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். "நீங்க எங்க சார் மெக்கானிக்கல் படிச்சீங்க?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் சிரித்தீர்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு பேர் செல்வராஜிடமே போய்க் கேட்டார்கள். அவர், "செயலாளர் சார் சொல்லுவாரு, அவராண்டயே கேளுங்க" என்று அனுப்பிவிட்டார். ஊருக்கு நான் பொய்யனாகிப் போனேன். செல்வராஜிடம் சண்டை போட்டேன். "சரின்னு சொல்லிட்டேண்ணா. அவரு வாயாலதான் வரணும். நாம புடுங்குனா அது சண்டையாப் பூடும்" என்றார். அந்தப் பெருந்தன்மைக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தாள் வெயிலில் வெளுத்துத் தானாகக் கிழிந்து விழுந்தது. ஆனாலும் செல்வராஜ் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. என் வண்டி கிளம்பாத நாட்களில் நான்தான் காவலாளியின் உதவியோடு அதைத் தெருவரைக்கும் தள்ளிக்கொண்டு போவேன். அவர் தெருவில் நின்றபடி பார்ப்பார். என் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்தார், வீட்டுக்கு வரவில்லை. "உள்ள வாய்யா, யார் கேக்கறா?" என்றேன். "எழுதிப் போட்டாங்கல்ல, எடுத்துட்டோம்னு எழுதட்டும்" என்றார். ஐந்து வருடம் அந்த ஒரு வரிக்குக் காத்திருந்தார். அது வரவில்லை. அவர் இறந்த செய்தியில் வந்தது பழைய சொல்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய படத்துக்குச் செயலாளர் மாலை போடுவார். அதுவும் நூலில் கட்டிய மாலைதான். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். மாலை போட்ட கையோடு அவரே நடந்ததைச் சொல்லலாம். சொல்லாவிட்டால் நான் எழுந்துகொள்வேன். செல்வராஜ் அவருக்கு ஐந்து வருடம் கொடுத்தார். நான் ஞாயிறு மாலை வரை கொடுக்கிறேன்.

செல்வராஜின் ஸ்பேனர்களை அவர் மனைவி வேறொரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். அவர் நினைவாக எனக்கென்று எஞ்சியது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் ஒரு சாண் நூல், இரண்டு காய்ந்த காம்பு. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்கு வருவேன்.