வந்தவாசியிலிருந்து திரும்பி வந்த கிட்டார்கள்

கைத்தறித் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் வீட்டு மாடியில் கிட்டார் செய்கிறான் என்றால் ஆரணியில் யார் நம்புவார்கள்? நம்பவில்லை. நான் பலகை இழைக்கும் சத்தத்தைக் கேட்ட எதிர்வீட்டுக்காரர், சார் யாருக்கும் தெரியாமல் விசைத்தறி போட்டுவிட்டார் என்று தெருவில் சொல்லிவைத்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் பிறரைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வுக்குப் பிறகு அந்த வேலையைத் தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை.

கல்லூரி விடுதியில் ஒருவன் வைத்திருந்த கிட்டாரை இரவல் வாங்கி வாசித்துப் பார்த்திருக்கிறேன். வாசிப்பு வரவில்லை. அந்தப் பெட்டியை எப்படிச் செய்திருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் கூடவே வந்து, தொண்ணூறுகளின் நடுவில் நான் வீட்டோடு உட்கார்ந்ததும் எழுந்துகொண்டது. சென்னையில் நடைபாதைக் கடையில் படங்கள் போட்ட பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. வேலூர் மரக்கடையில் ஈட்டிப் பலகை வாங்கினேன், ரசீதோடு. முன்பக்கத்துக்கு, வெளிநாட்டு இயந்திரம் வந்திறங்கிய பெட்டியின் வெள்ளைப் பலகை. ஈட்டிப் பட்டையை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி, இடுப்பு வளைவு வாங்க வேண்டும். அவசரப்பட்டால் படக்கென்று உடையும். அவசரப்படாவிட்டாலும் உடையும் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. ஒட்டிய பெட்டியைச் சைக்கிள் டியூப் பட்டையால் சுற்றி இறுக்கிக் கட்டுவேன். அதைப் பார்த்த என் மனைவி, அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள்.

என் வீட்டின் பின்னாலிருக்கும் தெருவுக்குத் தொழில்முறை கிட்டார்க்காரர் ஒருவர் வந்தது இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி. பெரணமல்லூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர், நாற்பது வயதிருக்கும். தச்சு வேலையில் தொடங்கி, தேவாலயங்களுக்குக் கிட்டார் செய்துகொடுப்பதில் நிலைத்துவிட்டவர். சூடான குழாயும் மரத்தூளும் பட்டுக்கு ஆகாது என்று நெசவுத் தெருவில் பலரும் இடம் தர மறுத்தார்கள். கடைசியில் ஒரு வீட்டு அம்மாள் தன் கணவர் நெய்த தறிக்கூடத்தைக் கொடுத்தார். கணவர் இறந்த பிறகு அந்தத் தறியைக் கழற்றி விற்றுவிட்டார்கள். நெய்பவர் கால் இறக்கி உட்காரும் குழி மட்டும் தரையில் இருந்தது. எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிட்ட அந்தக் கிட்டார்க்காரர் அதன்மேல் குறுக்குச் சட்டங்களைப் போட்டு, மெல்லிய முகப்பலகைகளை அங்கே அடுக்கினார். வெயில் படாத, குளுமையான இடம் என்பது அவர் கணக்கு.

ஒரே வேலையைச் செய்கிறோம் என்ற நினைப்பில் அறிமுகம் செய்துகொள்ளப் போனேன். நான் நுழைந்ததும், மேசையில் மல்லாந்திருந்த பலகையை அவர் கவிழ்த்து வைத்தார். கிட்டாரின் ஒலி, முகப்பலகையின் உள்பக்கம் ஒட்டும் மெல்லிய ரீப்பர் சட்டங்களின் அமைப்பில் இருக்கிறது. அதை நான் பார்க்கக் கூடாதாம். ஈட்டி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். கிடைக்கிற இடத்தில் என்றார். ரசீது இல்லாத மரம் என்று முடிவு செய்துகொண்டேன். என் பழைய வேலை என்னவென்று அவரும் விசாரித்திருக்கிறார். வீட்டு அம்மாளுக்கோ அது நன்றாகவே தெரியும். என்னைத் தெருவில் கண்டாலே கதவை இழுத்துச் சாத்துவார். தறி இல்லாத தறிக்கூடம் என்று நான் எங்கேயோ எழுதிப்போட்டு, நெசவாளர் குடும்பத்துக்கு வரும் சலுகையை நிறுத்திவிடுவேன் என்ற பயம். கதவைச் சாத்துகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது என் துறையின் பால பாடம்.

அந்த வருஷம் வந்தவாசியில் ஒரு சபை, பாடகர் குழுவுக்காக அவரிடம் ஐந்து கிட்டார் செய்யச் சொன்னது. அவருக்கு அது பெரிய காரியம். அங்கே நன்றாக அமைந்தால் வெம்பாக்கம் வரைக்கும் எல்லாச் சபைகளும் அவரிடம் வரும். ஆடியில் தொடங்கி, கிறிஸ்துமஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பங்குனியில் ஒரு வேனில் ஐந்தும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் முகப்பலகை நீளவாக்கில் வெடித்திருந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடக்கும் வேதாகம வகுப்புக்குள் சரிசெய்து தர வேண்டும், இல்லையென்றால் சென்னையில் வாங்கிக்கொள்வோம், மற்றச் சபைகளுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுவோம் என்று பொருளாளர் சொல்லியனுப்பியிருந்தார். சபைகள் கைவிட்டால் மேஸ்திரிக்குக் கிட்டார் வேலை கிடையாது. வேலூரில் கதவு நிலை செய்யும் பட்டறைக்குத்தான் திரும்ப வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை: ஈர மரம். காயாத பலகையைப் போட்டு ஏமாற்றியிருக்கிறார். அவருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. நேராக என் மாடிக்கு வந்துவிட்டார்.

"கிறிஸ்மஸுக்கு அப்புறம் நீங்க வந்தவாசிக்குப் போனீங்களா சார்?"

போயிருந்தேன், ஒரு கல்யாணத்துக்கு. அதைச் சொன்னதும் தலையாட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது. குற்றவாளி ஒப்புக்கொண்ட இடத்தில் நானே அப்படித்தான் தலையாட்டுவேன். கல்யாணச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேவாலயத்துக்குள் புகுந்து ஐந்து கிட்டாரை உடைத்துவிட்டு மறுபடி பந்தியில் உட்கார்ந்தேனா என்று கேட்டேன். "செய்ய மாட்டீங்கன்னு நான் சொல்லலியே சார்" என்றார்.

அப்படிப்பட்டவரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. விசாரணை என்றால் முறையோடு நடக்க வேண்டும். உடைந்த பலகைத் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பல வருஷம் காய்ந்த நல்ல மரம். என் குற்றச்சாட்டு அங்கேயே விழுந்தது. அவர் புதிதாக இழைத்து அடுக்கியிருந்த பலகைகளோ, ஒட்டுவதற்கு முன்பே ஓலை மாதிரி வளைந்திருந்தன. மரம் சரி, கைத்திறனும் சரி என்றால் மிஞ்சுவது மூன்றாவது நபர்.

அந்த நபரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பின்மாடியிலிருந்து பார்த்தேன். மேஸ்திரி ஆராதனைக்குப் போயிருந்தார். வீட்டு அம்மாள் இடுப்பில் குடத்தோடு புழக்கடை வழியாகத் தறிக்கூடத்துக்குள் போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். ஆளில்லாத பட்டறையில் அவருக்கு என்ன வேலை? மரத் துண்டுகளைக் குடத்தில் போட்டு அடுப்புக்குக் கொண்டுபோகிறார் என்று எனக்குத் தோன்றியது. அதற்கும் பலகை வெடிப்பதற்கும் என்ன தொடர்பு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மேஸ்திரியிடம் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது இருக்கட்டும். நீங்க ஏன் சார் எங்க புழக்கடைய பாத்துகினு இருந்தீங்க?"

ஆனாலும் அடுத்த ஞாயிறு வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்குக் கிளம்புவது போலக் கிளம்பி, தெருவைச் சுற்றி என் வீட்டுக்கு வந்தார். ஆராதனைக்குப் போகாமல் ஒளிந்திருப்பது அவருக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. பழியை என்மேல் போட்டு ஆண்டவரிடம் முறையிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். குடம் உள்ளே போனதும் இருவரும் புழக்கடை வழியாகப் போனோம்.

அந்த அம்மாள் குழியோரத்தில் குந்தியிருந்தார். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று உரசாமல் அழகாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, குழிக்குள் கொட்டிவைத்த மணலில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். மேஸ்திரியைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது.

"இன்னாக்கா பண்றீங்க?"

"குழிக்குத் தண்ணி காட்றேன். காத்து இப்டி அடிக்குது, பட்டு எழையே அறுந்து அறுந்து பேஜார் பண்ணுது. நீ அப்பளமாட்டம் பலகைய மேல வச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிடற. காஞ்சா தெறிச்சிடாதா? உனுக்கெங்க இதெல்லாம் தெரியுது. ஆடியிலேர்ந்து நான்தான் ஊத்திகினு வரேன்."

"ஆடியிலேர்ந்தா?"

"பின்ன? அஞ்சு பொட்டியும் உருப்படியா போயி சேர்ந்துச்சா இல்லியா?"

திரும்பி வந்த ஐந்தும் துணி போர்த்தி மூலையில்தான் இருந்தன. அவற்றைப் பற்றி மேஸ்திரி அவரிடம் மூச்சு விடவில்லை போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள், "சேர்ந்துச்சிக்கா" என்று சொல்லிவிட்டார்.

காற்று உலர்ந்த நாட்களில் தறிக்குழியில் மணலைக் கொட்டி நனைத்து வைப்பது நெசவு வீடுகளில் வழக்கம். அந்த ஈரத்தில் பாவு இழை அறுபடாது. பட்டுக்குச் சரி, கிட்டாருக்கு நேர்மாறு. ஈரம் குடித்த பலகை உப்பும். உப்பிய நிலையிலேயே குறுக்கில் ரீப்பர் ஒட்டி இறுக்கிவிட்டால், பிறகு காயும்போது அதற்குச் சுருங்க இடம் இருக்காது. வெடித்துதான் தீரும். ஈரக் குழிகள் மேல் எத்தனையோ தறிகளை ஆய்வு செய்தவன் நான். ஆனால் தறி இல்லாத இடத்திலும் குழி நனையும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் வந்ததில்லை.

வெளியே வந்ததும் மேஸ்திரி, அந்த அம்மாளிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரில் யாரும் தராத இடத்தைத் தந்தவர். தன் கையாலேயே கெட்டது என்று தெரிந்தால் தாங்க மாட்டார் என்றார். விசாரணை முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் தெரிவிக்காமல் விட்டது என் அனுபவத்தில் அதுவே முதல் தடவை.

மிச்சமிருந்தது வேலை. பலகை காய வேண்டும், வகுப்பு தொடங்க அதிக நாள் இல்லை. என் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரையில் அங்கே அப்பளத்தை விரித்தால் பொரிந்துவிடும். வந்து வேலை செய்யுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரீப்பர் ரகசியத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று அவருக்குப் பட்டிருக்கும். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் பலகைகளோடும் ஒரு பழைய வேட்டியோடும் வந்து, வேட்டியைக் கொடியில் போட்டு மாடியை இரண்டாகப் பிரித்துவிட்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

சூடான கத்தியால் வெடித்த முகப்பலகைகளைப் பிரித்தெடுத்தார். புதியவற்றை நன்றாகக் காயவிட்டுத்தான் ரீப்பர் ஒட்டினார். வேட்டிக்கு இந்தப் பக்கம் நான் என் கிட்டாரின் கழுத்தைச் சீவிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். கடைசிப் பெட்டியை மூடும்போது வஜ்ரப் பசை சீக்கிரம் இறுகத் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்.

"சார், ஜல்தியா வந்து ஒரு கை புடிங்க. மேல பாத்துகினு புடிங்க."

கூரையைப் பார்த்துக்கொண்டே பிடித்தேன். முழுப் பொய் வேண்டாம். ஒரு கணம் கீழேயும் பார்த்தேன். என் புத்தகத்தில் இருபதாம் பக்கமோ என்னவோ, அங்கே போட்டிருக்கும் அதே குறுக்குச் சட்டம்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் புத்தகத்தை நான் அவரைப் பார்த்து எழுதியதாக நினைப்பார்.

வந்தவாசிக்கு இருவருமாகப் போனோம். எங்கள் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிடுகிற சந்தேகக்காரர் அங்கே இருந்தார்: பொருளாளர், கணக்கு வாத்தியார். கிட்டார்களைத் தட்டினார், முகர்ந்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றைப் பிள்ளைகள் வாசிக்கக் கொடுத்துவிட்டு, மற்ற நான்கையும் தேவாலயத்தின் பக்கத்து அறையில், தகரக் கூரைக்குக் கீழே ஆணியில் மாட்டச் சொன்னார். கத்திரி வெயில் முடியட்டும், அதற்குப் பிறகு பேசலாம் என்றார். பேருந்தில் வரும்போது மேஸ்திரி, தகரம் என்று ஒரு முறை முணுமுணுத்தார்.

அந்த மாதம் அவர் வேறு வேலை எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. மதியம் என் மாடிக்கு வந்து உட்காருவார், வெயிலைப் பார்ப்பார், போய்விடுவார். வேலூர்ப் பட்டறையிலிருந்து ஆள் கேட்டு வந்ததாகவும், பதில் சொல்லவில்லை என்றும் ஒரு நாள் சொன்னார்.

கத்திரி கழிந்ததும் போனோம். பொருளாளர் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். முகப்பலகை ஒன்றில்கூட வெடிப்பு இல்லை. பொருளாளரே பார்த்துத் திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி மட்டும் நான்காவதைத் திருப்பி, பின்பலகையின் ஓரத்தில் நகத்தை ஓட்டினார்.

"இந்த எடத்துல பசை விட்டிருக்குது பாருங்க சார். எடுத்துகினு போயி சரி பண்ணிக் குடுக்குறேன்."

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று என் பணிக்காலம் முழுக்க எல்லோருக்கும் புத்தி சொன்னவன் நான். பொருளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஓரத்தைத் தேடித் தேடிப் பார்த்தார்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"தெரியும் சார். அடுத்த கோடைக்குத் தெரியும்."

பொருளாளர் அந்தக் கிட்டாரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஆயரை அழைத்து வந்தார். சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் கூட்டத்துக்கு எத்தனை கிட்டார் வேண்டியிருக்கும், அதற்குள் செய்து முடிக்க முடியுமா என்று இருவரும் அவரிடம் பேசத் தொடங்கினார்கள். என்னை யாரென்று கேட்டார்கள். "தெரிஞ்சவரு" என்றார் மேஸ்திரி.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தார். ஆரணி கண்ணில் படும் சமயத்தில், மாடியின் பாதியை ஒரு வருஷத்துக்கு வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டார். அந்த அம்மாளின் தறிக்கூடத்தையும் விடப் போவதில்லை, குழாயில் வளைக்கும் வேலையை அங்கே வைத்துக்கொள்வாராம். பலகை மட்டும் என் மாடியில் காய வேண்டும். வேட்டியும் கொடியில் இருக்கும் என்றார். அதில் பேச்சே இல்லை.

ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் உடனே சந்தேகம் வந்தது.