நைனாவின் சணல் கயிறு

நேற்று தம்பி கும்மிடிப்பூண்டியிலிருந்து வாங்கிவந்த கொடுவா மீனின் செவுளில் கோத்திருந்த ஈரச் சணல் கயிற்றை அவிழ்த்தபோது விரலில் ஏறிய வாடை, என்னை நேராகப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டது. அங்கே மீன் வாங்கி விற்ற என் நைனாவிடம் தராசு கிடையாது. இடுப்பில் செருகிய கயிற்றைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை, வயிற்றைச் சுற்றி ஒருமுறை பிடித்துப் பார்த்து எடை சொல்லுவார், வாங்குகிறவராயிற்றே, எப்போதும் கொஞ்சம் குறைத்தேதான் சொல்லுவார்.

மாசம் முந்திப் பிறந்த தம்பியைத் தொடவே பயந்து அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காலையில், நைனா அந்தக் கயிற்றைச் சோப்புப் போட்டுக் கழுவிவந்து அவனை நீளவாக்கில் அளந்தார், பிறகு மார்பைச் சுற்றிப் பிடித்தார்.

"இன்னாயா இது, புள்ளயா மீனா?" என்று அம்மா சீறினாள்.

"ரெண்டு வீசைக்கு மேலயே தேறுவான்டி. தூக்கி வச்சிக்கினு பால் குடு."

அம்மா திரும்பி அவனை வாங்கிக்கொண்டாள். கயிற்றை நானும் பார்த்தேன். ஒரு வீசை, அதாவது ஒன்றரைக் கிலோகூட இல்லாத மடவை மீனைச் சுற்றும் அளவுக்குத்தான் அது சுற்றியிருந்தது.

நைனா கூட்டிச் சொன்ன எடை அது ஒன்றுதான்.