பெடலுக்குள் எரிந்த சிவப்பு

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை, ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்ணிடம் மலிவாக, பழையதாக வாங்கினேன். இறந்துபோன அவர் கணவருடையது.

"அவர் வாசிச்சா உள்ள சிவப்பா எரியும்னு சொல்வார். நான் பாத்ததில்ல சார்" என்றார். நான் காதிலேயே வாங்கவில்லை.

மறுநாள் மாலை மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒலியைக் கரகரப்பாக்கும் வழக்கமான டையோடுகளுக்குப் பதில், கம்பி அதிர்ந்தால் எரியும் இரண்டு சிவப்பு எல்.ஈ.டி.கள். அந்தக் கணவரே மாற்றியிருக்கிறார். மூடியைக் கழற்றும் முன் வாசித்துப் பார்த்தபோதே அந்த ஒலி எனக்குப் பிடிக்கவில்லை. பழையபடி டையோடு வைக்க சால்டரிங் அயர்னைச் சூடாக்கிவிட்டு, பெடலின் ஒயரைப் பிடுங்கப் போனேன்.

பெடலோடு இணைத்தபடியே சுவரில் சாய்ந்திருந்த கிட்டாரை யாரும் தொடவில்லை. பெடலுக்குள் சிவப்பு மினுங்கியது. ஒலிபெருக்கும் ஆம்ப் மெல்ல முனகியது.

சமையலறையிலிருந்து மனைவி, "இது நல்லாருக்குங்க, இதையே வாசிங்க" என்றாள்.

நான் வாசிக்கவே இல்லை. சாமி புறப்பாடு எங்கள் தெருவுக்குள் திரும்பியபோதுதான் புரிந்தது. தவில் அதிர்வில் கம்பிகள் தாமாக அதிர்ந்திருக்கின்றன. காரணம் தெரிந்தும், அவர் சொன்ன அந்தச் சிவப்பை மாற்ற மனம் வராமல் அயர்னை அணைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் விற்பவர் சொல்வதை முழுக்கக் கேட்காமல் எந்தப் பழைய பெடலிலும் கை வைப்பதில்லை. இந்தப் பெடலுக்கு இன்னும் மூடி போடவில்லை. தவில் சத்தம் கேட்டால் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.