வயிற்றுவலி வராத பெண்

எனக்குப் பரிசு கிடைத்த நாளில்தான் என் நோயும் பிடிபடத் தொடங்கியது. ஓசூரில், வண்டிகளுக்கான வயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது எனக்கு இரண்டாவது வருடம். சாத்தூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள் நான். வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாதவர்களை மேடைக்குக் கூப்பிட்டு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுப்பார்கள். என் முறை வந்தபோது சூப்பர்வைசர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மாசம் முப்பது நாளும் ஒரே மாதிரி வேலை செய்யற பொண்ணு. டிஸ்பென்சரி எந்தப் பக்கம் இருக்குதுன்னே இதுக்குத் தெரியாது."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிஸ்பென்சரியை அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் லைனில் எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. மாதவிலக்கு நாளில் வலி தாங்காதவர்கள் அங்கே போய் மாத்திரை வாங்கிக்கொண்டு, இரும்புக் கட்டிலில் பத்து நிமிடம் படுத்துவிட்டு வரலாம். நர்ஸ் நோட்டில் டோக்கன் நம்பரைப் போட்டு, பக்கத்தில் 'வயிற்றுவலி' என்று எழுதுவார். அந்தக் கட்டிலுக்குப் போகிறவர்களை நான் சும்மா விடமாட்டேன். "என்ன, மகாராணிக்கு மஞ்சம் விரிச்சாச்சா?" என்று கேட்பேன். எனக்கோ அந்தத் தொல்லை நின்று பதினோரு மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்கு அப்படி நிற்பது நல்லதில்லை என்று சொல்லித்தர வீட்டில் அம்மா இல்லை. சாமி எனக்கு மட்டும் சலுகை கொடுத்திருக்கிறது என்று நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். கெலமங்கலத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். விழா முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கேரியர் நல்லா இருக்குது. நோட்டைத் திருப்பிப் பார்த்தேன், உன் நம்பர் ஒரு தடவைகூட இல்ல. வலியே வராத பொண்ணுங்களும் இருக்காங்க, தப்பில்ல. உனக்கு டேட் ஒழுங்கா வருதாம்மா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் டேட் உங்களுக்கு எதுக்கு சிஸ்டர்?"

"அதைக் கேக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. "சொல்லணும்னு தோணறப்ப வா. கதவு திறந்தேதான் இருக்கும்."

நான் போகவில்லை. அடுத்த வாரம் என் சுடிதாரின் மார்பில் ஈரம் பட்டிருந்தது. வேர்வை என்று நினைத்துத் துவைத்துப் போட்டேன். மறுநாளும் அப்படியே. பாத்ரூமில் அழுத்திப் பார்த்தபோது பால் வந்தது. ஒரு ஆணின் விரல்கூடப் படாத உடம்பு இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

மத்திகிரியில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கூட இருந்த ஒருத்தி கறையைப் பார்த்துவிட்டாள். அவள் வாயில் அது எத்தனை நேரம் நிற்கும்? சாயங்காலமே கீழ்வீட்டு ஓனரம்மா படியேறி வந்துவிட்டார்.

"எந்த ஆஸ்பத்திரியில பெத்துப் போட்டியோ, எனக்கு வேண்டாம். மரியாதஸ்தங்க இருக்கிற வீடு இது. உங்க அப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போவாரு."

அப்பா அப்படி என்னைக் கூட்டிக்கொண்டு போனால் அதோடு எல்லாம் முடிந்தது. வேலை மட்டுமில்லை, என் பெயரும் போகும். தங்கையைப் பெண் பார்க்க ஒருவர்கூட வரமாட்டார்கள். மறுநாள் புதன்கிழமை, முதல் வேலையாக டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். 'அன்னைக்கே கேட்டேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன். சிறுநீர் வாங்கி, கர்ப்பமா என்று முதலில் பார்த்தார்.

"நீங்களுமா சிஸ்டர்?" என்று அழுதேன்.

"எனக்கு இல்லைன்னு தெரியும். நாளைக்கு எவனாவது கேட்டா பதில் சொல்லக் கையில ஒண்ணு வேணுமில்ல?"

கர்ப்பமில்லை என்று வந்தது. மறுநாள் தன் லீவைப் போட்டுவிட்டு, என்னை அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் கன்னடத்தில் சண்டை போட்டு, ரத்தப் பரிசோதனைக்கும் சனிக்கிழமை ஸ்கேனுக்கும் இடம் பிடித்தார்.

ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். மூக்குக்கு நேர் பின்னால், மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சின்னச் சுரப்பி. அதில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கட்டி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனை அது தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. உடம்பும் அதை நம்பி மாதவிலக்கை நிறுத்திவிட்டது. புற்றுநோய் இல்லை என்றார். மண்டையைத் திறப்பார்கள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் எழுதிக்கொடுத்ததோ மாத்திரை. அதுவும் அரை மாத்திரை, வாரத்துக்கு இரண்டே நாள். என் வாழ்க்கையைக் கவிழ்க்கப் பார்த்த ஒன்றுக்கு அரை மாத்திரைதான் மருந்தா? அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, இன்றைக்கும் மனசுக்குள் கும்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளை மருந்தில் முக்கும் வேலை அவருக்கு. கையில் பெரிய காலி டிராவல் பேக். என் சாமான்களை அள்ளிக்கொண்டு போகக் கொண்டுவந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "கெளம்பு தாயி" என்றார். அந்தத் 'தாயி'யில்தான் எனக்கு உயிர் வந்தது.

ஓனரம்மா வாசலிலேயே நின்றார். அப்போது பூசை முடித்த கையோடு, பட்டுச்சேலையும் கையில் ஸ்கேன் கவருமாக சிஸ்டர் படியேறி வந்தார். தான் யார் என்று சொல்லிவிட்டுப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுதாங்க உங்க பொண்ணு செஞ்ச தப்பு. நல்லாப் பாருங்க."

எங்கே என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். கட்டி என்ன செய்யும், ஏன் பால் வருகிறது, மாத்திரை என்ன செய்யும், எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் ஒரு ஆம்பளைக்குப் புரியும்படி சொன்னார். கர்ப்பமில்லை என்ற சீட்டை ஓனரம்மா பக்கம் நீட்டினார். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அப்பா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு தீக்குச்சித் தலை அளவுதான் இருக்கு. வீட்டைக் கொளுத்த அது போதும்லா" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "நான் நம்பிட்டேனே சிஸ்டர். பெத்த பிள்ளையை நானே சந்தேகப்பட்டுட்டேனே."

மதியம் சாப்பிட்டுவிட்டு, காலிப் பையோடு ஊருக்குத் திரும்பினார்.

மாத்திரை ஆரம்பத்தில் குமட்டியது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போடு என்று சிஸ்டர் சொன்னார். ஞாயிறும் புதனும் பிளேடால் இரண்டாக வெட்டிப் போட்டுக்கொள்வேன். பால் முதலில் நின்றது. வெயிலால் வருகிறது என்று நான் விட்டிருந்த தலைவலியும் குறைந்தது. மூன்றாவது மாதம் லைனில் நிற்கும்போது அடிவயிற்றில் சுருட்டிப் பிடித்தது. வலியோடும் சிரிப்போடும் டிஸ்பென்சரிக்கு நடந்தேன். பின்னாலிருந்து ஒருத்தி, "மகாராணி கிளம்பிட்டாங்க!" என்று கத்தினாள். கத்தட்டும், கடன்பட்டவள் நான்தானே.

சிஸ்டர் நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, "நீயே எழுது" என்றார். டோக்கன் நம்பரைப் போட்டு 'வயிற்றுவலி' என்று எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ, கட்டில் காலியாத்தான் இருக்குது" என்றார்.

இதை அப்பாவிடம் நான் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. சிஸ்டர் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. பத்து நாள் கழித்து ஒரு பார்சல் வந்திருக்கிறது என்று கம்பெனி கேட்டிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அதே டிராவல் பேக். உள்ளே திரித்த உளுந்து மாவு, கருப்பட்டி, ஒரு கேன் நல்லெண்ணெய். எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் உளுந்தங்களி கிண்டி, உருண்டை பிடித்துக் கொடுப்பதற்காக வாங்குகிற சாமான்கள். அவற்றுக்கு மேலே தீப்பெட்டி லேபிள் ஒன்றின் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது.

'முதல் உருண்டை சிஸ்டருக்கு.'