பத்தாயிரத்து ஒன்பது பனியன்

ஆறாம் வகுப்பில் வகுபடும் விதிகளைக் கற்றுக்கொண்ட வருடம், கோடை விடுமுறையில் என் தொல்லை தாங்காமல் வீட்டில் எல்லோரும் ஓடி ஒளிந்தார்கள். கார் நம்பரோ போன் நம்பரோ, எதைப் பார்த்தாலும் மூன்றால் போகுமா, பதினொன்றால் போகுமா என்று சொல்லாமல் விடமாட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த மாமா மட்டும்தான் என்னை மதித்து ஒரு வேலை கொடுத்தார்.

டெல்லி வியாபாரி ஒருவருக்கு முதல் ஆர்டர் போகவிருந்தது. எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், ஒரு பீஸ்கூட உதிரியாக வரக்கூடாது என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். பிசகினால் அடுத்த ஆர்டர் கிடையாது. சாயங்காலம் லாரி வந்துவிடும்.

"அம்மிணி, மொத்தம் பத்தாயிரத்து ஒம்பது பீஸ். பொட்டிக்கு எத்தனை போட்டா மீதி உழுகாதுன்னு பாத்துச் சொல்லு. நூறுக்கு மேல பொட்டி தாங்காது, ஆமா."

பூ, இவ்வளவுதானா என்று உட்கார்ந்தேன். இலக்கங்களைக் கூட்டினால் பத்து. மூன்றாலும் போகாது, ஒன்பதாலும் போகாது. ஏழால் வகுத்தால் ஆறு மிஞ்சியது. பதின்மூன்றால் வகுத்தால் பன்னிரண்டு மிஞ்சியது, என்னைச் சீண்டுவதற்கென்றே. கிழிந்த அட்டைகளில் வகுத்துத் தள்ளினேன். சோறு வேண்டாம் என்றுவிட்டேன். நூறு வரைக்கும் வந்தும் அந்த எண் அசைந்து கொடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுலயும் வகுபட மாட்டீங்குதுங்க மாமா."

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. டீ கொண்டுவந்த அத்தைதான் கேட்டார்: "ஏனுங்க, லாபத்தையும் சேத்திச் சொல்லிப்போட்டீங்களா?"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். நெல் அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்பார்கள் அல்லவா? விவசாயக் குடும்பத்தில் பிறந்த மாமா, ஒரு படி மேலே போய், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பனியனைக் கூடுதலாகத் தைத்து, அதை லாபம் என்று சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார். அப்புறம்தான் ஒண்ணு, ரெண்டு எல்லாம். அன்றைக்கு அந்த லாபமும் கணக்கில் ஏறிவிட்டது.

அதைக் கழித்ததும் எண் சாதுவாகிவிட்டது. மூன்றால் போகிறது, எட்டால் போகிறது, ஒன்பதால் போகிறது. "எழுபத்திரண்டுங்க மாமா!" என்று நான் கத்திய கத்தலில் தையல் மெஷின்கள் நின்றன. லாரி வருவதற்குள் நூற்று முப்பத்தொன்பது பெட்டிகளும் ஒட்டியாயிற்று. லாபப் பனியனை மாமா எனக்கே மாட்டிவிட்டார். முழங்காலைத் தாண்டித் தொங்கியது. சந்தோஷம்தான். ஆனாலும் கண்டுபிடித்தது அத்தை, நான் தோற்றுப்போனவள் என்ற வெட்கம் உள்ளே இருந்தது.

பத்தாயிரத்து ஒன்பது ஒரு பகா எண் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. நூறுக்கு மேற்பட்ட எண்ணொன்று அதை வகுக்குமானால், அதன் ஜோடி நூறுக்குள் அகப்பட்டே தீரும். ஆகையால் நூறு வரை சோதித்தால் போதும். மாமா பாவம், பெட்டி தாங்காது என்றுதான் நூறோடு நிறுத்தச் சொன்னார். நான் அழ ஆரம்பித்த இடத்தில் நிரூபணம் முடிந்திருந்தது.