தங்கைக்கு வைத்த கீன்வாக் கூழ்

கனடாவிலிருந்து தங்கை வருகிறாள் என்று தெரிந்த அன்றே நான் அரிசிமா வறுத்து வைத்துவிட்டேன். அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்துபோனவள், பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒரு மாத விடுமுறையில், கணவருக்கு லீவு கிடைக்காததால் தனியே வருகிறாள். நான் கல்யாணம் கட்டவில்லை. ஊர்காவற்றுறைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் சரவணை என்ற தீவுக் கிராமத்தில் எங்கள் பழைய வீட்டிலே தனியாக இருக்கிறேன். தனியாக இருந்து இருந்தே சமையல் கைக்கு வந்துவிட்டது. என் புட்டுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு பெயரும் உண்டு.

வந்திறங்கியவளைப் பார்த்துத் திகைத்துப்போனேன். கழுத்தெலும்பு தெரிந்தது. கைக்கடிகாரம் முழங்கை வரை வழுகி ஓடியது. பயணக் களைப்பு என்றாள்.

பெட்டியைத் திறந்தாள். எனக்குச் சேட்டும், முழங்கால் வலிக்குப் பூசும் மருந்தும் எடுத்துத் தந்தாள். அடியில் ஆறு பைக்கற்றுகள் கிடந்தன. சாமையைப் போலச் சின்னச் சின்ன மணிகள், சற்று மஞ்சள் ஓடிய வெள்ளை.

"உதென்ன, குருவிக்குப் போடுறதோ?"

"கீன்வா அண்ணை. தென்னமெரிக்கா மலையளிலை விளையிற தானியம். நான் சோறு மாதிரி இதைத்தான் கூடச் சாப்பிடுறனான்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு கிழமையாக என்ன சமைப்பது என்று யோசித்து வைத்திருக்கிறேன். இவள் தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். "அப்ப என்ரை கைச் சாப்பாடு உனக்கு வேண்டாம்" என்றேன். அவள் பதறிப்போனாள். "ஆர் சொன்னது? உங்கடை புட்டை நினைச்சுக்கொண்டுதான் பிளேன் ஏறினனான்."

அன்றைக்கே புட்டும் மீன்குழம்பும் வைத்தேன். கோப்பையில் போட்டதும் அவள் ஒரு கணம் கையை நிறுத்தினாள்.

"அண்ணை, இது அரிசிமாப் புட்டுத்தானே?"

"ஓம், வேறை என்ன?"

ஆசையோடு சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் விடியக் குசினிக்கு வந்தபோது அவள் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வயிறு ஊதிக் கல்லாக இருந்தது. அன்று முழுவதும் சுருண்டு படுத்திருந்தாள். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "மருந்து இல்லை அண்ணை, தானாத்தான் அடங்கவேணும்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "புட்டுக்கு வேறை மா ஏதும் கலந்தனீங்களோ?"

"பாதிக்குப் பாதி கோதுமை மா அவிச்சுப் போட்டனான். அப்பதானே மெதுவா இருக்கும்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு இருப்பது சீலியாக் என்ற வருத்தம். கோதுமையிலுள்ள பசைப்பொருள் ஒரு துளி போனாலும் குடல் தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும். பல வருடங்களாக வேலைக் களைப்பு, வாயு என்று நினைத்துப் பாணும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கண்டுபிடித்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கண்டுபிடிப்பதற்குள் உடம்பில் இரத்தமே இல்லாமற் போயிருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் தனியக் கிடக்கிறியள். இதையும் சொல்லி யோசிக்க வைக்கவோ?"

எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அரிசிமா என்று சொல்லி நானே ஊட்டியிருக்கிறேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கலக்கிறோம்; கலப்பதை யாரும் சொல்வதுமில்லை, கேட்பதுமில்லை.

அவள் தூங்கும் நேரத்தில் குசினிச் சாமான்களையெல்லாம் வெளியே இறக்கினேன். புட்டு அவிக்கும் பழைய நீத்துப்பெட்டியை எறிந்தேன். சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றினேன். கோதுமை மா டின்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அந்த அக்கா சொல்லித்தான் தெரிந்தது, கடையில் வாங்கும் பெருங்காயத்திலும் கோதுமை மா சேர்ப்பார்களாம். அதையும் கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் அவளுக்குப் பசிக்கும் என்று, ஒரு பைக்கற்றை வெட்டி நேரே கொதிநீரில் கொட்டி அவித்தேன். கஞ்சிபோல் நுரைத்தது. தேங்காய்ப்பால் விட்டு உப்புப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டு, "நல்லாயிருக்கு" என்றாள். அவளுடைய முகத்தைக் கண்டு நானும் ஒரு வாய் வைத்தேன். வேப்பங்காய்க் கசப்பு!

"எப்பிடி விழுங்கினனீ உதை?"

"கழுவினனீங்களோ அண்ணை?"

"பைக்கற்றிலை வாறதை என்னத்துக்குக் கழுவிறது?"

வந்த பிறகு முதல் தரமாகச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மணியின் மேலே சவர்க்காரம் மாதிரி நுரைக்கும் ஒரு கசப்புப் பூச்சு இருக்குமாம். பனங்கிழங்கு ஒடியல்மாவை ஊறவைத்துத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கசப்பெடுக்கத் தெரிந்த நான், இதைக் கழுவ வேண்டும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் கதிரையைக் குசினி வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். நுரை போகும்வரை உரசிக் கழுவு. ஒரு கோப்பைக்கு இரண்டு கோப்பை தண்ணீர். மூடி, மெல்லிய நெருப்பில் கால் மணித்தியாலம். பிறகு அடுப்பை நிறுத்தி ஐந்து நிமிடம் திறக்காமல் விடு. திறந்தபோது ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு வெள்ளை வால் சுருண்டு எட்டிப் பார்த்தது. உதிரி உதிரியாக, கொஞ்சம் வறுத்த கச்சான்கடலை வாசத்தோடு.

"இதிலை என்ன பெரிய சத்து?" என்று, என் நீரிழிவுக் குளிசையை விழுங்கிக்கொண்டே கேட்டேன்.

"கோதுமைப் பசை இல்லை, அது முதல். மற்றது, மீன் இறைச்சியிலை இருக்கிற மாதிரி முழுப் புரதம். நார், இரும்பு எல்லாம் இருக்கு. உங்கடை சீனி வருத்தத்துக்கும் வெள்ளைச் சோத்தைவிட நல்லம். மெல்லச் செரிக்கும், சட்டெண்டு சீனியை ஏத்தாது. அதுக்காகக் குளிசையை விட்டிடாதேங்கோ. அளவும் வேணும்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. ஒருநாள் முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை மாதிரிக் கிளறினேன். ஒருநாள் பயறு சேர்த்துப் பாற்கஞ்சி. ஒருநாள் நெடுந்தீவுத் தயிர் விட்டு, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டினேன். அவள் முகத்தில் நிறம் வரத் தொடங்கியது.

மூன்றாம் கிழமை நயினாதீவு அம்மனிடம் போனோம். வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, கீன்வாவில் தேசிக்காய் பிழிந்து புளிப்பேற்றிக் கட்டிக்கொண்டேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்து, நிழலில் இருந்து சாப்பிட்டோம். கடல் அமைதியாகக் கிடந்தது.

"அண்ணை, எனக்குப் பிள்ளை வேணுமெண்டு அம்மனுக்கு நேத்தி வைச்சனீங்களோ?"

"ஓம். வருசம் வருசம் விளக்குப் போட்டனான்."

அவள் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த மணிகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "மூண்டு தரம் வயித்திலை வந்தது அண்ணை. மூண்டும் தங்கேல்லை. இந்த வருத்தமும் அதுக்கு ஒரு காரணமா இருந்திருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவா. முந்தியே தெரிஞ்சிருந்தா…"

நான் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும், "விசேஷம் ஒண்டும் இல்லையோ" என்று கேட்டவன். அவள் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே, "இல்லை அண்ணை" என்று சொன்னவள். அந்தச் சிரிப்பை அத்தனை வருடம் நான் நம்பியிருக்கிறேன்.

"மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றேன்.

"நீங்கள் என்ன செய்யிறது? ஆருக்குமே தெரியேல்லையே." ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தாள். "சாப்பிடுங்கோ. படகு வருகுது."

கோயிலில் அவள் என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. நான் வேண்டியது அவளுடைய வயிறு ஆறவேண்டும் என்பதை மட்டும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கூழ் காய்ச்சினேன். மண்டைதீவு மீன்காரரிடம் சொல்லிவைத்து நண்டும் இறாலும் எடுத்தேன். கூழில் அரிசி போடும் இடத்தில் ஒரு கைப்பிடி கீன்வா போட்டேன். பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, அரைத்த செத்தல்மிளகாய், பழப்புளி. கடைசியில் ஒடியல்மாவைக் கரைத்து ஊற்றித் துழாவினேன். ஒடியல் பனங்கிழங்குதானே, அவளுக்கு ஒன்றும் செய்யாது. ஆனாலும் கடையில் வாங்கப் பயந்து, தெரிந்த வீட்டில் கிழங்கு வாங்கி நானே இடித்த மா.

முதல் வாயை நெடுநேரம் நாக்கில் வைத்திருந்தாள். மூக்கால் தண்ணீர் வழிந்தது. உறைப்பு என்றாள். மூன்றாம் கோப்பைக்கு அகப்பையை அவளே எடுத்துக்கொண்டாள். நான் அன்று சாப்பிடாமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்பது சட்டி காலியான பிறகுதான் தெரிந்தது.

"அண்ணை, உங்களுக்கு?"

"நான் பிறகு காய்ச்சிக் குடிப்பன். நீ குடி."

அவள் போய் எட்டு மாதமாகிறது. தந்துவிட்டுப் போன பைக்கற்றுகள் முடிந்த பிறகு, யாழ்ப்பாணக் கடையொன்றில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போது காலையில் குரக்கன் அல்லது சாமைக் கஞ்சி. யாராவது கனடாவிலிருந்து கொண்டுவந்தால் கீன்வா. வெள்ளைச் சோறு பாதியாகிவிட்டது. கிளினிக்கில் தாதி என் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார். தானியத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்கினேன். "சோத்தைக் குறைச்சதும் காரணம் ஐயா, பின்னேரம் நடக்கிறியளே, அதுவும் காரணம்" என்று சிரித்தார். இருக்கட்டும்.

போன கிழமை தங்கை ஒரு படம் அனுப்பினாள். பனிக் கோட்டோடு வாசலில் நிற்கிறாள். கன்னம் நிரம்பியிருக்கிறது. இரத்தப் பரிசோதனை நன்றாக வந்ததாம். வாற ஆடியில் தன் மனிசனையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். அவருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்று இந்த முறை முதலே சொல்லிவிட்டாள்.