கருங்கல்லிலிருந்து கடற்கரைக்கு, ஹீட்டர் போட்டுக்கொண்டு

கருங்கல்லிலிருந்து மணவாளக்குறிச்சி பதினெட்டு கிலோமீட்டர். சாதாரண நாளில் முக்கால் மணி நேரம். இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். எழுந்து உட்கார முடியாத ஒருவரைப் பழைய ஸ்டேஷன் வேகனில் படுக்க வைத்துக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன ஏப்ரலில் என் அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனேன்.

அம்மாவுக்கு ஒரே அக்கா, திரேசம்மாள் பெரியம்மா. ஒரு ஞாயிறு காலையில் இறந்துபோனாள். மறுநாள் மாலை நான்கு மணிக்கு, மணவாளக்குறிச்சியை அடுத்த அவர்களது கடற்கரை ஊரில் அடக்கம். அம்மாவோ குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் விரிசல் விட்டு, ஆறு வாரமாகப் படுக்கையில் இருந்தாள். உட்காரவே கூடாது என்பது டாக்டர் கட்டளை. "அக்கா மொகத்த ஒருக்கா பாக்கணும்" என்று மட்டும் சொன்னாள். ஆம்புலன்ஸ் பிடிக்கட்டுமா என்றேன்.

"ஆம்புலன்ஸ்ல போய் எறங்குனா நானும் போயிட்டேன்னு சனம் சேத்து அழும். உன் வண்டி போதும் மக்கா."

என் வண்டிக்கு வயது இருபத்துமூன்று. பின் சீட்டை மடக்கிவிட்டால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். அது ஒன்றுதான் அதன் பெருமை. உதிரிபாகம் கிடைக்காது. மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து பார்த்து, துக்கம் விசாரிப்பதுபோல் நாலு வார்த்தை பேசிவிட்டு மூடிவிடுவார்கள். குவைத்தில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு, வீடியோ பார்த்து நானே ஸ்பேனர் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிரேக் பேட், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி எல்லாம் என் கைவேலை. பின்கதவைத் தாங்கும் தண்டு போய் ஒரு வருடம் ஆகிறது. அதற்குப் பதில் ஒரு துடைப்பக் கம்பை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் அம்மாவைப் போர்வையோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். மெத்தை நகராமல் இரண்டு பக்கமும் கயிறு கட்டினேன். கூட வந்திருக்க வேண்டிய தம்பி சவூதியில் இருக்கிறான். இரண்டு மணிக்குக் கிளம்பினோம்.

திங்கள்சந்தை வரை ஒரு குறையும் இல்லை. அன்று திங்கட்கிழமை என்பதைத்தான் மறந்துவிட்டேன். சந்தை நாள். வாழைக்குலை ஏற்றிய வண்டிகளுக்கு நடுவில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தபோது, சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. வண்டி ஓடும்போது முள் இறங்கி, நிற்கும்போது ஏறினால், முதலில் ரேடியேட்டர் விசிறியைத்தான் சந்தேகப்பட வேண்டும். சந்தையைத் தாண்டி ஒரு புளியமர நிழலில் ஓரங்கட்டினேன்.

"என்னட்டி ஆச்சு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமலா வண்டி நிக்கி?"

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஹாரனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னப் பெட்டியான ரிலேயைப் பிடுங்கி விசிறியின் ரிலே இருந்த இடத்தில் செருகினேன். இந்த வண்டியில் இரண்டும் ஒன்றுதான். விசிறி சுற்றவில்லை. பாட்டரியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்தேன். அப்போதும் இல்லை. வயரை எடுத்துவிட்டுத் துடைப்பக் கம்பால் இறக்கையைத் தள்ளிப் பார்த்தேன். அரைச் சுற்று சுற்றி இறுகிக்கொண்டது. மோட்டார் செத்துவிட்டது. வழியில் வைத்து அதற்கு வைத்தியம் கிடையாது.

அப்போதுதான் மீன் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று வந்து நின்றது. விற்று முடித்துக் கடற்கரைக்குத் திரும்பும் மீன்காரர்.

"அக்கா, பெட்டியில ஐஸ் தண்ணி கெடக்கு. ஊத்தி விடட்டா? டப்புனு ஆறிரும்."

"ஊத்திராதீங்க! எஞ்சின் வெடிச்சுப் போவும்!"

நான் போட்ட சத்தத்தில் மனிதர் இரண்டடி பின்னால் போனார். கொதிக்கும் இரும்பில் ஐஸ் தண்ணீர் பட்டால் விரிசல்தான். போதாததற்கு அது உப்புத் தண்ணீர். உதவிக்கு வந்தவரிடம் எரிந்து விழுந்தது எனக்கே கூச்சமாக இருந்தது. அதற்குள் போன் அடித்தது. பெரியம்மாவின் மகன் சேவியர் அண்ணன்.

"எங்க நிக்கிய? பூசை தொடங்கியாச்சு. சாமியாருக்கு இன்னொரு ஊருல அடக்கம் இருக்கு. நாலு மணிக்குப் பெட்டிய மூடிருவாங்க."

மீன்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "திரேசம்மா வீட்டு அடக்கமா? எனக்கு அதே ஊருதான். போய் நிறுத்தி வைக்கேன், நீங்க பைய வாங்க" என்று மொபெட்டை மிதித்துக் கிளப்பினார்.

எஞ்சின் ஆற அரை மணி நேரம் காத்திருந்தேன். பிறகு துணியால் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். இனி மிச்சம் இருந்தது ஹீட்டர் மட்டும். அது உள்ளே இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூட்டை எடுத்து நம் மேல் ஊதும். "நம்ம ஊருல ஹீட்டர் எதுக்குக்கா? குழாயக் கட் பண்ணிருங்க" என்று கருங்கல் மெக்கானிக் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். நானும் முயன்றேன். குழாயை இறுக்கும் கிளாம்ப் துருப்பிடித்துக் கழலாததால் விட்டுவிட்டேன், முன்யோசனை எல்லாம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் வெயிலில், படுத்திருக்கும் நோயாளியின் மேல் சூடான காற்று! நர்ஸாக இருந்தபோது இதை யாராவது செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். "சூடா வரும்மா, கொஞ்சம் பொறுத்துக்கிடணும்" என்று சொல்லி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் திறந்தேன். முள் சிவப்புக்குக் கீழே நின்றது. என் சேலை நனைந்து முதுகோடு ஒட்டியது. பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"மக்கா."

"என்னம்மா?"

"இத இம்புட்டு நாளும் ஏன் போடல்ல? இப்பதான் காலு சூடாவுது."

அம்மாவுக்கு ரத்தக்குறைவு, எந்த வெயிலிலும் குளிரும். ஆறு வாரம் போர்வைக்கு மேல் போர்வை போட்ட எனக்கு இது தோன்றவில்லையே என்று அழுகை வந்தது. வியர்வையோடு வியர்வையாகத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

கோயில் முற்றத்தில் நுழைந்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. பெட்டி மூடவில்லை. சாமியார் என்று நாங்கள் சொல்லும் பாதிரியார் கையில் ஜெபப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் மீன்காரர். சேவியர் அண்ணன் ஓடி வந்து, "சித்திய எறக்கலாமா?" என்றார். மறுபடி தூக்கினால் முதுகு தாங்காது, கூடாது என்றேன். அவர் திரும்பிச் சத்தம் போட்டார்.

"ஏலே, பெட்டிய இங்க கொண்டு வாங்கலே!"

வண்டியின் தரை உயரத்துக்கு இரண்டு பெஞ்சை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டார்கள். பின்கதவைத் தூக்கியபோதுதான் கம்பைப் புளியமரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. மீன்காரர் எதுவும் கேட்காமல் வந்து, இரண்டு கையாலும் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றார். பெட்டியை அம்மாவின் தலைமாட்டில், அவள் தலையைத் திருப்பினால் அக்கா முகம் தெரியும்படி, பெஞ்சின் மேல் வைத்தார்கள். அக்காவும் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள்.

இனி உங்களுக்கான குறிப்புகள். வயதான வண்டியில் நோயாளியோடு கிளம்பும் முன், எஞ்சினைச் சூடாக்கி விசிறி சுற்றுகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள், நான் பார்க்கவில்லை. மோட்டாரைப் பிறகு கோட்டாற்றில் ஒரு பழைய சாமான் கடையில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு வாங்கி நானே மாட்டினேன். நான்கு போல்ட், ஒரு பிளக், அவ்வளவுதான். குடிக்கிற தண்ணீர் ஐந்து லிட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தை நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாக ஹீட்டர். யார் சொன்னாலும் அதன் குழாயை வெட்டாதீர்கள். அன்று அம்மா கையை நீட்டிப் பெரியம்மாவின் கையைப் பிடித்தாள். ஒரு நாள் முழுக்க ஃப்ரீசர் பெட்டியில் இருந்த கை. அம்மா அழவில்லை. அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்காவுக்குக் குளிருது மக்கா. அந்தச் சூட்டப் போடு."

நர்ஸாக, இறந்தவர்கள் எத்தனையோ பேரின் உடல்களைத் துடைத்து அனுப்பியவள் நான். முன் சீட்டில் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். அம்மா போதும் என்று சொல்லும்வரை அது ஓடியது.